4294967297: ஓர் எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கோடிக் கணக்கில் எழுதினால் இந்த எண் 429,49,67,297. வாய்விட்டுப் படித்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கங்கள், கடைசியில் ஒரு 7. இதைத் தவிரப் பார்த்தவுடன் எதுவும் பிடிபடாது. இதையே 2³² + 1 என்று எழுதுங்கள். எண் கோட்பாட்டின் வரலாற்றில் நிலையான இடம் பிடித்துவிட்ட ஓர் எண் எதிரே நிற்கும்.

பெரிய எண் ஒன்றைப் புரிந்துகொள்ள அதன் இலக்கங்களைவிட அதன் வடிவம்தான் அதிகம் உதவும். அதே வடிவம் சில இடங்களில் நம்மை ஏமாற்றவும் செய்யும். இந்த ஓர் எண்ணில் இரண்டையும் பார்த்துவிடலாம். கூட்டல், பெருக்கல், மீதி கண்டுபிடித்தல் மட்டும் தெரிந்திருந்தால் போதும். கீழே வரும் எல்லாக் கணக்கையும் ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

இலக்கங்கள் சொல்வது கொஞ்சமே

கடைசி இலக்கம் 7 என்பதால் எண் 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59. அது 3ஆல் வகுபடாததால் எண்ணும் வகுபடாது. 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே அடியில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாக வெட்டி, கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 என்பது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் வகுபடாது.

இப்படியே போனால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும். 2³² + 1இன் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டும். 65536க்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் கையால் வகுத்துப் பார்ப்பது மாதக்கணக்கான வேலை. வடிவத்தின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது.

ஃபெர்மாவின் வரிசை

2இன் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் எப்போது பகா எண் வரும்? அடுக்கில் 1ஐத் தவிர ஓர் ஒற்றைப்படைக் காரணி இருந்தால் வரவே வராது. 2⁶ + 1 = 65ஐ எடுத்துக்கொள்வோம். அடுக்கு 6இல் 3 என்ற ஒற்றைப்படைக் காரணி இருக்கிறது. 2⁶ என்பது 4³. எந்த எண்ணின் கனத்தோடும் 1ஐக் கூட்டினால் அது அந்த எண்ணைவிட ஒன்று அதிகமான எண்ணால் வகுபடும். ஆகவே 65 என்பது 5ஆல் வகுபடுகிறது. இதே காரணம் 5, 7, 9 என எல்லா ஒற்றைப்படைக் காரணிகளுக்கும் பொருந்தும். மிஞ்சுவது 1, 2, 4, 8, 16, 32 என்று 2இன் அடுக்குகளாகவே இருக்கும் அடுக்குகள் மட்டும்.

அவற்றைப் போட்டுப் பார்த்தால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் த ஃபெர்மா இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்ற தம் நம்பிக்கையை 1640இல் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. வரிசையை 0 முதல் எண்ணுவது வழக்கம் என்பதால் 3 என்பது பூச்சியமாவது ஃபெர்மா எண், 65537 நான்காவது, நம்முடைய 4294967297 ஐந்தாவது.

1729இல் கிறிஸ்டியான் கோல்டுபாக் ஒரு கடிதத்தில் இந்தக் கேள்வியை லியோனார்டு ஆய்லரிடம் எழுப்பினார். 1732இல் ஆய்லரின் பதில் வந்தது: ஐந்தாவது எண் 641ஆல் வகுபடுகிறது.

4294967297 = 641 × 6700417

641 என்பது 116ஆவது பகா எண். எந்தத் தந்திரமும் இல்லாமல் 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் 116ஆவது வகுத்தலில் விடை கிடைத்திருக்கும். ஆய்லர் எழுதிவைத்த காரணத்தைப் பின்பற்றினால் ஐந்தே வகுத்தல் போதும். அந்தக் காரணத்தை நிதானமாகப் பார்ப்போம், இந்த எண்ணின் மற்ற பண்புகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

மீதியை வர்க்கப்படுத்தும் முறை

முதலில் ஒரு கருவி. 2³²ஐ 641ஆல் வகுத்தால் மீதி என்ன? 2³²ஐ முழுதாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. எட்டு இலக்கக் கால்குலேட்டரில் அந்த எண்ணை உள்ளிடவும் முடியாது. இரண்டு எண்களைப் பெருக்கிய பிறகு மீதி காண்பதும், முதலிலேயே மீதிகளைக் கண்டு அவற்றைப் பெருக்கி மறுபடி மீதி காண்பதும் ஒரே விடையைத்தான் தரும். எனவே ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி உடனே மீதிக்குச் சுருக்கிவிடலாம்.

2⁸ = 256. இதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶ = 65536. 641 × 102 = 65382; கழித்தால் மீதி 154. இனி 65536ஐ மறந்துவிட்டு 154ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம். 154² = 23716. 641 × 36 = 23076; மீதி 640. ஆக 2³²க்கு மீதி 640. அதோடு 1 கூட்டினால் 641, மீதி பூச்சியம். இவ்வளவுதான் சரிபார்ப்பு.

மீதி 640 என்பதை −1 என்றும் சொல்லலாம், ஏனென்றால் 641க்கு அது ஒன்று குறைவு. இப்படி எதிர்மறை மீதியாக எழுதிக்கொள்ளும் பழக்கம் கணக்கை நிறையச் சுருக்கும்.

தொடக்கநிலையில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மீதிக்குச் சுருக்கலாம் என்பது பெருக்கப்படும் எண்ணுக்குத்தான், அடுக்குக்கு அல்ல. 2இன் அடுக்கு 700 என்றால் அந்த 700ஐ 641ஆல் வகுத்து 59 என்று மாற்றிவிட முடியாது. அடுக்கைச் சுருக்குவதற்கு வேறு விதி இருக்கிறது. அடுத்து வருவது அதுதான்.

காரணி எந்த வடிவில் இருக்க வேண்டும்?

ப என்பது நம் எண்ணின் ஒரு பகாக் காரணி என்று வைத்துக்கொள்வோம். அது எது என்று இன்னும் தெரியாது. ஆனாலும் அதைப் பற்றிச் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும்.

2³² + 1 என்பது ப என்ற எண்ணால் வகுபடுவதால் 2³²க்கு மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴க்கு மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றின் மீதியையும் வரிசையாக எழுதுங்கள். எங்கோ ஓரிடத்தில் முதன்முறையாக 1 வரும். அதற்குப் பிறகு அதே வரிசை அப்படியே திரும்பும். முதல் 1 வரும் இடத்தைச் சுழல் நீளம் என்போம். 1 என்ற மீதி சுழல் நீளத்தின் மடங்குகளில் மட்டுமே வரும். 64ஆவது இடத்தில் 1 வருகிறது, ஆகவே சுழல் நீளம் 64ஐ வகுக்கும். அதாவது 1, 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்று. அது 32ஓ அதற்குக் குறைவோ என்றால் 32ஆவது இடத்திலும் 1 வந்திருக்க வேண்டும். அங்கே வந்தது −1. எனவே சுழல் நீளம் சரியாக 64.

ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்று ஒன்று இருக்கிறது. ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், 2இன் அடுக்கை அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக வைத்தால் மீதி 1 வரும் என்கிறது அது. அதாவது (ப − 1)ஆவது இடத்தில் 1 வரும். 1 வருவதோ 64இன் மடங்குகளில் மட்டும். ஆக ப − 1 என்பது 64இன் மடங்கு. ப = 64 × க + 1, இங்கே க என்பது ஏதோ ஒரு முழு எண்.

இந்தத் தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640இல்தான் எழுதினார். தம் நம்பிக்கையைச் சோதிக்கத் தேவையான கருவி அவர் கையிலேயே இருந்தது.

இப்போது தேடலாம். 64 × க + 1 வடிவ எண்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். மேலே சொன்ன முறையில் 2³² + 1க்கு மீதி கண்டால் 193க்கு 109, 257க்கு 2, 449க்கு 325, 577க்கு 288, கடைசியாக 641க்கு 0. 116 வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டன.

இன்னும் குறைக்க முடியும். 1878இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா இந்தக் காரணிகள் 128 × க + 1 வடிவில்தான் இருக்க முடியும் என்று காட்டினார். அதன் அடிப்படை மிக அழகானது: நம் எண்ணின் மீதிக் கணக்கில் 2க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. அது 256 × 65535 = 16776960. இதை வர்க்கப்படுத்தினால் 281466386841600 வரும். அதை 4294967297ஆல் வகுத்தால் ஈவு 65534, மீதி சரியாக 2. வர்க்கப்படுத்தினால் 2 தருகிற ஓர் எண் இருப்பதால், அதன் சுழல் நீளம் 2இன் சுழல் நீளத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 128. மற்ற வாதம் அப்படியே. இந்த வடிகட்டியைப் போட்டால் 129, 257, 385, 513, 641 என்ற வரிசையில் பகா எண்கள் 257, 641 இரண்டே. இரண்டாவது வகுத்தலிலேயே விடை.

641ஐக் கண்டுபிடித்த பிறகு, அது வகுக்கும் என்பதை ஒரே வரியில் நிறுவும் வழி ஒன்று பாடநூல்களில் அடிக்கடி வரும். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. மறுபக்கம் 641 = 5⁴ + 2⁴, எனவே 5⁴க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால் −2³²க்கு மீதி 1. அதாவது 2³² + 1 வகுபடுகிறது. படிக்க இனிமையான நிரூபணம்தான். ஆனால் 641ஐ எங்கே தேடுவது என்பதை அது சொல்லாது. கற்றுக்கொள்பவருக்கு 64 × க + 1தான் கூடுதல் பயன் தரும். வேறு எண்களுக்கும் அது கைகொடுக்கும்.

6700417 பகா எண்ணா?

ஒரு காரணி கிடைத்தவுடன் வேலை முடிந்ததென்று நிறுத்துவது வழக்கமான தவறு. மீதமுள்ள 6700417 இன்னும் உடையலாம். அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றுத் தாண்டும். அதுவும் நம் எண்ணின் காரணி என்பதால், அதன் பகாக் காரணிகளும் 128 × க + 1 வடிவில்தான் இருந்தாக வேண்டும். 2588க்குள் அந்த வடிவத்தில் இருபது எண்கள். அவற்றில் பகா எண்கள் ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். எழுபது லட்சத்தை நெருங்கும் ஓர் எண்ணைப் பகா எண் என்று நிறுவ ஐந்து வகுத்தல்கள் போதுமாக இருந்தன.

641ஆல் இரண்டாம் முறை ஏன் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். ஒரே பகா எண் இருமுறை காரணியாக வரக்கூடும், அதனால்தான். மீதி 44 வந்ததால் அப்படி இல்லை என்று உறுதியாகிறது.

இனி மற்ற பண்புகள் தாமாக வந்துவிடும். இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, எண்ணேதான். வகுத்திகளின் கூடுதல் 4301668356. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 6701059தான் வரும். எண்ணுக்கு வெகு தூரம் கீழே. 1 முதல் இந்த எண் வரை இதனுடன் சார்பகா எண்களாக (1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையாக) இருப்பவை 640 × 6700416 = 4288266240. இதை ஆய்லரின் ஃபை சார்பு என்பார்கள். இணையப் பரிமாற்றங்களைப் பாதுகாக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் உள்ளே நடப்பதும் இதே வகைக் கணக்குதான், பல நூறு இலக்க எண்களில். அங்கே பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது நம் வரிசையின் நான்காவது எண்ணான 65537.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக

2³² + 1 என்று எழுதும்போதே அது 65536² + 1² என்று தெரிகிறது. பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு வழியில்தான் முடியும். நம் எண்ணுக்கோ இன்னொரு வழியும் இருக்கிறது:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இரண்டாவது வழி இருக்கிறது என்பதே இது பகா எண் அல்ல என்பதற்குச் சான்று. அதற்கும் மேலே, இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்தால் காரணிகளே வெளிவந்துவிடும். முறை இப்படி. 65536இலிருந்து 62264ஐக் கழித்தால் 3272. 20449இலிருந்து 1ஐக் கழித்தால் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. அடுத்து 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டிலும் பாதி எடுத்தால் 4, 25. 4² + 25² = 16 + 625 = 641.

மற்ற காரணியும் அருகிலேயே கிடக்கிறது. 3272ஐ 8ஆல் வகுத்தால் 409, 20448ஐ 8ஆல் வகுத்தால் 2556. 409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

எதிர்த்திசையிலும் போய்ப் பார்க்கலாம். 25, 4 என்ற சோடியையும் 2556, 409 என்ற சோடியையும் குறுக்கே பெருக்குங்கள். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636; கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224; கழித்தால் 1, கூட்டினால் 20449. வடிவத்தில் நாம் முதலில் பார்த்த அந்தச் சிறிய ‘+ 1’ 10225க்கும் 10224க்கும் உள்ள வித்தியாசம்தான். எண் கோட்பாட்டில் இத்தனை நேர்த்தியாக எல்லாம் பொருந்தி வரும் எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை. 20449 என்பது 143இன் வர்க்கம் என்பதும் கூடுதலாக ஒரு சுவை.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று: கழிப்பதற்கு முன் இரட்டைப்படையை இரட்டைப்படையோடும் ஒற்றைப்படையை ஒற்றைப்படையோடும் சேர்க்க வேண்டும். மாற்றிச் சேர்த்தால் பாதி எடுக்கும் இடத்தில் பின்னம் வந்து கணக்கு நின்றுவிடும்.

வடிவம் ஏமாற்றும் இடம்

பெரிய எண்களுக்குக் காரணி தேடாமலேயே பகு எண்ணா என்று சோதிக்கலாம். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் வழி. ஏதாவது ஓர் எண்ணை அடிமானமாக எடுத்து, சோதிக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி மீதி காண வேண்டும். மீதி 1 இல்லையென்றால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் பகா எண்ணாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும்.

அடிமானம் 2 என்று எடுத்தால் நம் எண் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. காரணம் எளிது. இந்த எண்ணால் வகுக்கும்போது 2³²க்கு மீதி −1, 2⁶⁴க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு 2³². அது 64இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். எண் பகாவா பகுவா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எல்லா ஃபெர்மா எண்களுக்கும் இதே நிலைதான். இன்னும் கண்டிப்பான மில்லர்–ராபின் சோதனையும் அடிமானம் 2இல் இந்த எண்ணைப் பிடிக்காது. வழியில் −1 வருகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை, இங்கே −1 வந்துவிடுகிறது. எண்ணே 2ஐ வைத்துக் கட்டப்பட்டது. அதை 2ஆலேயே சோதிப்பதில் பயன் இல்லை.

அடிமானத்தை 3ஆக மாற்றினால் நிலைமை தலைகீழ். 3ஐ வர்க்கப்படுத்தி வர்க்கப்படுத்தி ஒவ்வொரு முறையும் மீதிக்குச் சுருக்கினால் 31 வர்க்கங்களுக்குப் பிறகு கிடைப்பது 10324303. 32ஆவது வர்க்கத்துக்குப் பிறகு 3029026160. இது 1 அல்ல. ஆகவே எண் பகு எண். 32 முறை வர்க்கப்படுத்துவது கையால் செய்தாலும் சில நாள் வேலைதான். 1877இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெபின் இதையே கூர்மையாக்கினார்: ஃபெர்மா எண் பகாவாக இருந்தால், கடைசிக்கு முந்தைய படியில் (நமக்கு 31ஆவது) மீதி −1 வர வேண்டும்; வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இது இரு பக்கமும் செல்லும் சோதனை என்பதால் ‘இருக்கலாம்’ என்ற தயக்கம் இதில் இல்லை. ஆனால் எண் பகு எண் என்று சொல்லுமே தவிர, காரணி எது என்று சொல்லாது.

இரண்டைக் கழித்தால்

3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம் எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. எந்த ஃபெர்மா எண்ணையும் எடுத்து 2 கழித்தால் அதற்கு முந்தைய ஃபெர்மா எண்கள் எல்லாவற்றின் பெருக்கல் கிடைக்கும். எனவே நம் எண்ணை 3, 5, 17, 257, 65537 இவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 2. மேலே 257க்கு 2 வந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுவான காரணி 1ஐத் தவிர வேறு இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 பக்க உருவத்தை வரைய முடியும் என்று 1796இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை இப்படி வரைய, பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்து மட்டுமே. ஆகவே இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரிய ஒற்றைப்படை எண்ணிக்கை 4294967295. நம் 4294967297 பக்க உருவத்தை வரையவே முடியாது. 641 அதைக் கெடுத்துவிடுகிறது.

கணினியில் எழுதும்போது

இரும முறையில் இந்த எண் 1, பிறகு முப்பத்தொரு 0, பிறகு 1. மொத்தம் 33 பிட். 32 பிட் இடத்தில் வைக்கக்கூடிய மிகப் பெரிய குறியற்ற முழு எண் 4294967295, அதாவது நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. எனவே 32 பிட் இன்டீஜரில் இதை வைத்தால் எல்லா இலக்கமும் நிரம்பிய ஓடோமீட்டர் போல் சுற்றிவந்து 1 என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் 1ஐ இடப்பக்கம் 32 பிட் நகர்த்தி எண்ணை உருவாக்க முயன்றால் நகர்த்தலே நடக்காது. 1ஆகவே இருக்கும், கூட்டினால் 2 வரும். சி மொழியில் 32 பிட் இன்டீஜரை 32 இடம் நகர்த்துவதற்கு வரையறையே கிடையாது. கம்பைலருக்குக் கம்பைலர் வேறு வேறு விடை வரலாம்.

64 பிட் எடுத்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. மீதியை வர்க்கப்படுத்தும்போது வரக்கூடிய மிகப் பெரிய மீதி 4294967296. அதன் வர்க்கம் 2⁶⁴. குறியற்ற 64 பிட் இடத்துக்கு அது ஒன்றே ஒன்று அதிகம். விடை 0 என்று வந்துவிடும். இந்த ஒரு மீதிக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல். ஆனால் அடிமானம் 2இல் சோதிக்கும்போது அதே மீதிதான் கட்டாயம் வருகிறது. 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்தால் காரணம் இதுதான். மீதி 4294967296 என்று வந்தால் வர்க்கத்தை நேரடியாக 1 என்று போட்டுவிடுவது எளிய தீர்வு. தசம எண்களுக்கான டபுள் வகையைப் பயன்படுத்துவதும் சரிவராது: 2⁵³, அதாவது 9007199254740992 வரைதான் அது எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்கும். 3029026160ஐ வர்க்கப்படுத்தினால் அந்த எல்லை எங்கோ பின்னால் போய்விடும், கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை; அதன் பவ் (pow) செயற்கூறுக்கு அடிமானம், அடுக்கு, வகுக்கும் எண் மூன்றையும் கொடுத்தால் மீதிக்குச் சுருக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த எண்ணில் செய்து பார்க்க

ஆறாவது ஃபெர்மா எண் 2⁶⁴ + 1. இருபது இலக்கங்கள். ஐந்தாவது உடைந்த பிறகு இது உடைய 1880 வரை ஆனது; ஃபார்ச்சூனே லாந்திரி தம் 82ஆம் வயதில் காரணிகளைக் கண்டார். ஏழாவது 1970இலும் எட்டாவது 1980இலும் கணினியின் உதவியோடு உடைந்தன. ஐந்து முதல் முப்பத்திரண்டு வரையுள்ள எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று இன்று தெரியும். முப்பத்து மூன்றாவது பகாவா பகுவா என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

ஆறாவதற்குக் காரணிகளின் வடிவம் 256 × க + 1. ஒரு சிறு நிரலால் க = 1, 2, 3 என்று ஓட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் க = 1071இல் நிற்கும்: 274177. இதை நிரல் இல்லாமலும் சரிபார்க்கலாம். 2³² = 4294967296ஐ 274177ஆல் வகுத்தால் ஈவு 15664, மீதி 258768. அதை அப்படியே வர்க்கப்படுத்தாதீர்கள். 274177இலிருந்து கழித்து −15409 என்று மாற்றிக்கொள்ளுங்கள். 15409² = 237437281. 274177 × 866 = 237437282. ஒன்று குறைகிறது, ஆகவே 2⁶⁴க்கு மீதி −1, 2⁶⁴ + 1க்கு மீதி 0.